முதல் ஐந்நூறு பேருக்கு மட்டும்

அன்று காலையும் பதினோரு பேர் வகுப்புக்கு வராமலே மூச்சு விட்டிருந்தார்கள்.

செந்நிலப் பல்கலைக்கழகத்தில் இது ஒன்றும் புதிதல்ல. செவ்வாய்க் கோளில் காற்றைக் கூடத்துக்குக் கூடம் அளந்துதான் விடுவார்கள். அதனால் எந்தக் கூடத்துக்குள் போவதானாலும் வாசலில் இருக்கும் மூச்சுமானியில் ஒரு முறை ஊத வேண்டும். ஊதியவர் யார் என்று அது தெரிந்துகொண்டு, வருகைப் பதிவில் ஏற்றி, அவருடைய பங்குக் காற்றை உள்ளே திறந்துவிடும். இதைச் செய்த பொறியாளர்கள் எல்லாவற்றையும் யோசித்தார்கள், மாணவர்களைத் தவிர. விடுதியில் தூங்கப் போகிறவன் ஒரு பையில் ஊதி முடிச்சுப் போட்டு நண்பனிடம் கொடுத்தனுப்புவான். நண்பன் அதை மூச்சுமானியின் வாயில் வைத்து ஒரு அமுக்கு அமுக்குவான். வேலை முடிந்தது.

பறிமுதல் செய்த பதினோரு பைகளையும் மேசையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதிக்கொண்டிருந்தார் ஆவுடையப்பன். ஒரு பையில் வெங்காய வாசம் அடித்தது. வளாகப் பாதுகாப்புத் தலைவர் என்பது அவருடைய பதவி. இருபத்து நான்கு வயதில் வாயில் காவலராகச் சேர்ந்து, முப்பத்து மூன்று வருடத்தில் ஒவ்வொரு படியாக ஏறி வந்த பதவி. உலகத்தில் இருப்பவர்கள், அதாவது அந்தக் குடியிருப்பில் இருப்பவர்கள், அவரைப் பற்றி நினைத்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: நூலகத்துக்குப் பின்னால் ஜோடியாக உட்கார்ந்தால் எழுப்பிவிடுகிற ஆள். தூசிப்புயல் வந்தபோது நாற்பது பேரைக் கூடங்களை இணைக்கும் குகைவழியில் கூட்டி வந்ததையோ, ஆய்வகத் தீயை அணைத்ததையோ யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அவருக்கும் அதெல்லாம் சொல்லிக்காட்டிச் சலித்துவிட்டது.

ஒத்திகை ஒன்றைத்தான் அவர் விடாமல் நடத்தினார். வாரம் தவறாமல் புதன்கிழமை பத்து மணிக்குச் சங்கு ஊதும். எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, ஓடாமல், தள்ளாமல், வரிசையாக அடுத்த கூடத்துக்குப் போக வேண்டும். முதல் இரண்டு வருடம் போனார்கள். அப்புறம் சங்கு ஊதினால் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டார்கள். காதுக்குப் பின்னால் எல்லோருக்கும் பொருத்தியிருக்கும் செவிச்சில்லு வழியாகவும் அவர் அறிவிப்பு அனுப்பிப் பார்த்தார். அலுவலக அறிவிப்பு வருமுன் ஒரு வீணை ஒலி கேட்கும். அந்த ஒலி வந்தாலே வாயை மூடும்படி தங்கள் செவிச்சில்லுகளைப் பழக்கி வைத்திருந்தார்கள் ஆசிரியர்கள். மாணவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர்களும் அவர்களே.

பட்டமளிப்பு விழா அந்த வருடம் புதன்கிழமையாகப் போய்விட்டது. சிறப்பு விருந்தினர் பூமியிலிருந்து ஏழு மாதம் பயணம் செய்து வந்திருந்தார். கப்பல் இறங்கும் நாளை மாற்ற முடியாது.

விழா அன்று முதலாம் கூடத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது பேர் இருந்தார்கள். பத்து மணி விழாவுக்கு ஏழு மணிக்கே வந்து துண்டு போட்டு இடம் பிடித்திருந்தார்கள். பூமியிலிருந்து செவ்வாய்க்கு வந்தபோது ஆளுக்கு ஒன்பது கிலோதான் கொண்டுவரலாம் என்று சட்டம் இருந்தது. அதிலும் ஒரு துண்டை மறக்காமல் எடுத்து வந்த சனம் இது. ஒரு நாற்காலியில் ஆள், இருபுறமும் துண்டு. துண்டுக்குரிய மைத்துனரும் கொழுந்தியாளும் வந்துகொண்டே இருந்தார்கள். பதினான்காவது வரிசையில் ஆவுடையப்பனின் மனைவி மரகதமும் இருந்தாள். அவளுடைய தங்கை மகன் அன்று முனைவர் பட்டம் வாங்குகிறான்.

பத்து ஐம்பதுக்கு ஆவுடையப்பனின் செவிச்சில்லில் பராமரிப்புப் பொறியாளர் ஃபெர்னாண்டோவின் குரல் வந்தது.

"அண்ணாச்சி, முதலாம் கூடத்துல மேக்குத் தையல் விட்டுக்கிட்டு வருது. ஒத்திகைன்னு நெனச்சிராதீங்க. நெசமாத்தான்."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"நாப்பது நிமிசம். அதுக்கு மேல சொல்ல முடியாது. கிழிஞ்சா ஒன்றரை நிமிசத்துல காத்து பூரா போயிரும்."

காற்றுக்கூடம் என்பது பெரிய பலூன்தான். இரண்டு அடுக்குத் தோலை அடியில் தரையோடு சேர்த்துத் தைத்திருப்பார்கள். அந்தத் தையல் விட்டால் சத்தம் வராது, புகை வராது, நாற்றமும் வராது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, கடைசி ஒன்றரை நிமிடம்வரை.

அவர் சங்கை ஊதச் சொன்னார். சங்கு ஊதியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது பேரில் ஒருவர் எழுந்தார். அவரும் காலை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேடையில் பேசிக்கொண்டிருந்த துணைவேந்தர் புன்னகைத்து, "இன்று புதன்கிழமை. ஐம்பது நிமிடம் தாமதமானாலும் நம் பாதுகாப்புத் தலைவர் கடமையில் கண்ணாக இருக்கிறார்," என்றார். கூட்டம் சிரித்தது. சிலர் கைதட்டினார்கள். செவிச்சில்லில் வீணை ஒலித்து, யாருக்கும் கேட்காமல் ஓய்ந்தது.

ஆவுடையப்பன் பக்கவாட்டுப் படியேறி மேடைக்குப் போய்த் துணைவேந்தரின் காதில் விஷயத்தைச் சொன்னார். துணைவேந்தர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அஞ்சு நிமிஷம் பொறுங்க ஆவுடையப்பன். சீஃப் கெஸ்ட் இன்னும் பேசவே ஆரம்பிக்கல. ஏழு மாசம் வந்திருக்கார் மனுஷன்."

"ஐயா, கூடம் கிழியப் போகுது."

"போன வருஷமும் இப்படித்தான் சொன்னீங்க. என்ன ஆச்சு?"

"நாங்க தச்சிட்டோம் ஐயா. அதனாலதான் கிழியல."

"அதைத்தான் நானும் சொல்றேன். தச்சிருங்க," என்றார் துணைவேந்தர்.

கீழே இறங்கி மனைவியிடம் போனார். முப்பது வருடம் கூடவே வாழ்ந்தவள், தன் முகத்தைப் பார்த்தாவது புரிந்துகொள்வாள் என்று நினைத்தார்.

"மரகதம், ஒண்ணும் கேக்காம எந்திரிச்சு மூணாம் கூடத்துக்குப் போ."

"எதுக்கு?"

"தையல் விட்டுருச்சு. உசுரோட இருக்கணும்னா போ."

"சும்மா இருங்க. அடுத்த வரிசை கூப்பிட்டதும் நம்ம பய வாரான். துண்ட எடுத்தா இடம் போயிரும்," என்றாள் அவள், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு இரக்கப்பட்டு, "நீங்களும் செத்த உக்காருங்களேன். காலைலருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க," என்றாள்.

இனி ஒரே வழிதான் இருந்தது. கத்துவது. ஒலிவாங்கியைப் பிடுங்கி, சாவு வருகிறது என்று கத்துவது. அதை அவரால் செய்ய முடியாது. பதினோரு வருடத்துக்கு முன்னால் கலைவிழாவில் எவனோ ஒருவன் புகை என்று கத்தினான். புகையும் இல்லை, நெருப்பும் இல்லை. எல்லோரும் ஒரே வாசலுக்குப் பாய்ந்தார்கள். கடைசியில் தரையில் கிடந்தது முதலாண்டு மாணவி ஒருத்தி. பெயர் பூவிழி. அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவக் கூடத்துக்கு ஓடியவர் ஆவுடையப்பன்தான். போய்ச் சேரும்போது அவள் செருப்பு ஒன்று அவர் கையில் இருந்தது. எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் வதந்தி பரப்புவோரைப் பணியிலிருந்தும் படிப்பிலிருந்தும் நீக்கும் விதி பதினான்கை அவரே உட்கார்ந்து எழுதினார். உண்மையைச் சொன்னால் இந்தக் கூட்டம் நம்பாது. நம்பினால் ஒருவரை ஒருவர் மிதித்துக் கொல்லும். இரண்டையும் பார்த்தாகிவிட்டது. அவருக்கு அழுகை வந்தது. வேலைநேரத்தில் அழுது பழக்கமில்லாததால் கடிகாரத்தைப் பார்த்தார்.

முப்பத்தைந்து நிமிடம் இருந்தது.

மூன்றாவது வரிசையின் ஓரத்தில் தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளர் இந்திராணி உட்கார்ந்திருந்தார். வினாத்தாள் மாறியது முதல் விடுதிக் காப்பாளரின் இரண்டாம் திருமணம்வரை வளாகத்தில் எந்தச் செய்தியும் இந்திராணியைத் தொடாமல் போனதில்லை. விதி பதினான்கின் கீழ் அவருக்கு நான்கு முறை எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தார் ஆவுடையப்பன். இப்போது அவர் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"மேடம், உங்கள்ட்ட மட்டும் சொல்லுதேன். யார்ட்டயும் சொல்லிராதீங்க."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"மூணாம் கூடத்துல டோக்கன் குடுக்காவ. முதல் ஐந்நூறு பேருக்கு மட்டுந்தான்."

எதற்கான டோக்கன் என்று இந்திராணி கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று ஆவுடையப்பன் யோசித்து வைத்திருந்தார். அது வீணாய்ப் போயிற்று.

"எப்பலருந்து?"

"இப்பதான் ஆரம்பிச்சிருக்காவ."

"எனக்குத் தொண்டை ஒரு மாதிரி இருக்கு. தண்ணி குடிச்சிட்டு வாரேன்," என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிவிட்டு எழுந்தார் இந்திராணி. நாற்காலியில் கைக்குட்டையை விரித்தார். நடுவழியில் காதுக்குப் பின்னால் செவிச்சில்லைத் தொட்டு யாரிடமோ முணுமுணுத்தார்.

அதற்கப்புறம் நடந்ததை ஆவுடையப்பன் வாசலோரம் நின்று பார்த்தார். முதலில் நான்காவது வரிசையில் ஒரு அம்மா, அழாத குழந்தையை அழுகிறது என்று தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். இயற்பியல் துறைத் தலைவர் இருமிக்கொண்டே போனார். ஒரு குடும்பம் தாத்தாவுக்கு மயக்கம் என்று சொல்லி அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனது. குகைவழி வந்ததும் தாத்தா எல்லோருக்கும் முன்னால் நடந்தார். பட்ட அங்கி போட்ட மாணவர்கள் குனிந்து குனிந்து வந்தார்கள். யாரும் ஓடவில்லை. ஓடினால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். யாரும் சத்தம் போடவில்லை. ஒவ்வொருவரும் தன் ஆட்களுக்கு மட்டும் காதோடு காதாகச் சொல்லி, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தார்கள். ஐந்நூறு பேர் எப்போதோ போயாகிவிட்டது. ஆயிரமாவது ஆளும் ஒரு நப்பாசையில் போய்க்கொண்டுதான் இருந்தார். முப்பது வருட ஒத்திகையில் ஒரு நாளும் வராத ஒழுங்கு அன்று வந்தது. பதினான்காவது வரிசையிலிருந்து மரகதம் எழுந்து, தலைவலிக்கிறாற்போல நெற்றியைப் பிடித்துக்கொண்டு அவரைக் கடந்து போனாள். கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

வளாகத்தின் காவல் பொறிகளில் ஒன்று, காவலி ஒன்பது, உருண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றது. காவலிகள் பொய் சொல்லாது. அப்படித்தான் அவற்றைச் செய்திருந்தார்கள்.

"தலைவரே, மூன்றாம் கூடத்தில் டோக்கன் வழங்கப்படுவதாக எனக்குத் தகவல் இல்லை."

"எனக்கும் இல்ல."

"அப்படியானால் இது வதந்தி. விதி பதினான்கின்படி பரப்பியவரைக் கண்டுபிடிக்கட்டுமா?"

"பொறவு கண்டுபிடிக்கலாம். இப்ப அங்க போயி வரிசையைச் சரிபண்ணு. உன்கிட்ட அச்சுப் பொறி இருக்குல்ல? வாரவங்களுக்கு ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு ஆளுக்கொரு சீட்டுக் குடு."

"அது எதற்கான எண்?"

"வரிசைக்கான எண்."

காவலி சற்று யோசித்தது. வரிசை இருந்தது. வரிசையில் எண் இருந்தது. பொய் எதுவும் இல்லை என்று கண்டு, உருண்டு போயிற்று.

இருபத்தாறு நிமிடத்தில் முதலாம் கூடம் காலியாகிவிட்டது. சிறப்பு விருந்தினர் பூமியின் நினைவுகளைப் பற்றி வெறும் துண்டுகளுக்குச் சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்தார். மேடையில் பின்வரிசைப் பேராசிரியர்கள் எப்போதோ நழுவியிருந்தார்கள். தன் விழாவுக்கு வந்த கூட்டம் எங்கே போயிற்று என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று துணைவேந்தர் கோபமாக எழுந்து வந்தார். தனியாக நிற்கக் கூச்சப்பட்டு விருந்தினரும் பின்னால் வந்தார். அவர்கள் தாண்டியதும் ஆவுடையப்பன் தடுப்புக் கதவை அடைத்தார். ஒரு ஆள்கூட மிச்சமில்லை என்று மூச்சுமானியில் மூன்று தடவை பார்த்தார். அப்புறம்தான் மூன்றாம் கூடத்துக்கு நடந்தார்.

ஏழு நிமிடம் கழித்துத் தையல் முழுவதும் விட்டது. மூன்றாம் கூடத்தின் கண்ணாடிச் சுவர் வழியே எல்லாம் தெரிந்தது. முதலாம் கூடம் ஒரு முறை விம்மித் தரையோடு படுத்துக்கொண்டது. நூற்றுக்கணக்கான துண்டுகள் செம்மண் புழுதியில் எழும்பிப் பறந்தன. வரிசையில் நின்றவர்களில் சிலர் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார்கள். உடம்பைத் திருப்பினால் இடம் போய்விடும். ஆவுடையப்பன் காவலிக்குப் பக்கத்தில் நின்றபடி, கடைசி ஆள் சீட்டு வாங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் தேவலை போலிருந்தது.

மூன்று வாரம் கழித்து விசாரணைக் குழு கூடியது. குழுவின் தலைவர் பதிவாளர் ஜெபமணி. அறிக்கையை முன்பே எழுதி வைத்திருந்தார்கள். சங்கு உரிய நேரத்தில் ஒலித்ததாகவும், பல்லாண்டு ஒத்திகையின் பயனாகப் பார்வையாளர்கள் இருபத்தாறு நிமிடத்தில் ஒழுங்காக வெளியேறியதாகவும் அதில் இருந்தது. சங்குச் சத்தத்துக்கு வெளியேறியவர்கள் பூஜ்ஜியம் என்று காவலி ஒன்பது கொடுத்த பக்கம் அதில் சேரவில்லை. ஆவுடையப்பன் மீது இரண்டு குற்றச்சாட்டுகள். விழா நடக்கையில் வதந்தி பரப்பியது. எதற்கும் செல்லாத டோக்கனை அனுமதியின்றி வழங்கியது.

"விதி பதினான்கை எழுதினதே நீங்கதான்," என்றார் பதிவாளர், நிஜமாகவே வருத்தத்தோடு. "நாங்க என்ன செய்ய முடியும்? விருப்ப ஓய்வுன்னு எழுதிக் கொடுத்திருங்க. மரியாதையாப் போயிரும்."

"பொய் சொன்னேன் சார். இல்லேங்கல. ஆனா எல்லாரும் உயிரோட இருக்காவ."

"அதை யாரும் இங்க கேக்கலியே. தினமும் முந்நூறு பேரு வந்து அந்த டோக்கனுக்கு என்ன குடுக்கப் போறீங்கன்னுல்ல கேக்காவ. கடைசி வேலையா, அந்த டோக்கன் செல்லாதுன்னு நீங்களே ஒரு அறிவிப்புக் குடுத்திருங்க."

கொடுத்தார். வீணை ஒலிக்கு அப்புறம், தன் பெயரைச் சொல்லி, டோக்கன் எதற்குமானதல்ல என்றும், கூடம் கிழியப் போவது தெரிந்து மக்களை வெளியேற்றத் தான் சொன்ன பொய் அது என்றும், மன்னிக்க வேண்டும் என்றும் பேசினார். முப்பத்து மூன்று வருடத்தில் அவருடைய அறிவிப்பை எல்லோரும் முழுதாகக் கேட்டது அன்றுதான். டோக்கன் என்ற சொல் வந்ததும் செவிச்சில்லுகளைத் திறந்துவிட்டார்கள். கேட்டுவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ஒன்றுமில்லாத டோக்கனுக்கு எதற்காக இவ்வளவு பெரிய அறிவிப்பு? அன்று மாலைக்குள் டோக்கன் பெற்றோர் நலச்சங்கம் உருவாகிவிட்டது. பூமிக்குத் திரும்பும் கப்பலில் இடம் என்று ஒரு கட்சி. புதிதாகக் கட்டும் ஏழாம் கூடத்தில் வீடு என்று இன்னொரு கட்சி. விழாவுக்கு வராதவர்கள் தங்களுக்கு அநியாயம் நடந்துவிட்டதாக மனு எழுதினார்கள்.

சாவிக்கொத்தையும் சீருடையையும் ஒப்படைக்கப் போனபோது பதிவாளர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

"ஆவுடையப்பன், தப்பா எடுத்துக்காதீங்க. எம் மச்சினன் அன்னிக்கு விழாவுக்கு வரல. உங்ககிட்ட ஒண்ணு ரெண்டு மிச்சம் இருக்குமா?"

"அது ஒண்ணுமில்லாத சீட்டு சார். அறிக்கைல நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அது அறிக்கை," என்றார் பதிவாளர்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். மறுநாள் காலை எங்கும் போக வேண்டியதில்லை என்பது நிம்மதியாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. மரகதம் தன்னுடைய சீட்டை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தாள். ஆயிரத்து நூற்று இருபத்தேழு.

"அதுல ஒண்ணுமில்ல மரகதம். நான்தான் அச்சடிக்கச் சொன்னேன். அன்னிக்கு நீ எந்திரிக்கணுமேன்னு சொன்ன பொய்யி அது."

"நீங்க சொல்லிருப்பீங்க. உங்கள அப்படிச் சொல்லச் சொல்லி மேல யாரோ சொல்லிருப்பாவ. உங்களுக்கு எல்லாத்தையும் சொல்லிட்டா செய்தாவ?" என்றாள் அவள். "இருக்கட்டும். எதுக்கும் ஒண்ணு இருக்கட்டும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மறுத்துப் பேசத் தெம்பில்லை. வரும் வழியில் தேநீர்க் கடையில், முடிதிருத்தகத்தில், வாசல் காவலரிடம், எல்லோரிடமும் அந்தச் சீட்டு இருந்ததைப் பார்த்தார். பத்திரமாகச் சட்டைப் பையில், உறையில், செவிச்சில்லு டப்பாவில். துணைவேந்தருடையது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதாம். முப்பத்து மூன்று வருடத்தில் அந்தக் குடியிருப்பில் எது கொடுத்தாலும் வரிசையை ஒழுங்குபடுத்தியவர் அவர், ஒன்றிலும் நின்றதில்லை. அது ஒன்றுமில்லாத காகிதம் என்று அந்தக் கோளில் வேறு யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் கப்பலில் இடம் என்கிறார்களே, இத்தனை பேர் சொல்கிறார்களே, என்று ஒரு நினைப்பு ஓடியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உனக்கு வாங்கும்போது, எனக்குன்னு ஒண்ணு கேக்கத் தோணலியா?"

"கேக்காம இருப்பனா? ஆளு நேர்ல வரணும்னு அந்தக் காவலி சொல்லிருச்சு," என்றாள் மரகதம். சோற்றைத் தட்டில் போட்டபடி அவரைப் பார்த்தாள். அவளுக்கும் ஆற்றாமையாகத்தான் இருந்தது. "அது பக்கத்துலதான சும்மா நின்னுக்கிட்டு இருந்தீங்க. வரிசையில வந்து நின்னா என்னவாம்?"